ஊர் ஒட்டவேண்டுமானால்: புதிய இடத்தில் நமக்கென்று ஓரிடம் அமைத்துக்கொள்ளும் முழுமையான வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ திருமணத்தின் பொருட்டோ ஊர் மாறியவர்கள், வந்து சேர்ந்த சில மாதங்களில் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊர் ஒட்டவில்லை." வீடு அமைந்துவிட்டது, வேலை நடக்கிறது, வழியும் பிடிபட்டுவிட்டது. இருந்தும் விடுமுறை நாளில் கதவைத் திறந்துகொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை.

இவர்களுள் பெரும்பாலோர் முயற்சி செய்யாதவர்கள் அல்லர். முயற்சியின் வரிசையை மாற்றிப் போட்டவர்கள். முதல் மாதத்திலேயே மனம்விட்டுப் பேச ஒரு நெருங்கிய நண்பரைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது ஊரின் மேல் பழியைப் போட்டுவிட்டு அறைக்குள் அடங்கிவிடுகிறார்கள். முதலில் இடம், பிறகு முகங்கள், பிறகு பெயர்கள், பிறகு ஒரு சிறு பொறுப்பு, அதற்கும் பிறகே நட்பு என்பதுதான் நடைமுறையில் பலன் தருகிற வரிசை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

1. தொடங்குமுன் கைவசம் இருக்கவேண்டியவை

முதலாவது, முடிந்துபோன காகித வேலைகள். முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, தொலைபேசி இணைப்பு, அவசரத்துக்கு ஒரு மருத்துவர், பிள்ளைகள் இருந்தால் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றை முதலில் முடித்துவிடவேண்டும். இவை பாதியில் தொங்கும்போது மனம் முழுவதும் அவற்றிலேயே இருக்கும்; எதிரில் நிற்பவர் சொல்வது காதில் ஏறாது.

இரண்டாவது, ஒதுக்கிவைத்த நேரம். வாரத்தில் நான்கு மணி நேரமாவது, இன்ன நாள் இன்ன வேளை என்று குறித்து ஒதுக்கவேண்டும். "நேரம் கிடைக்கும்போது வெளியே போய்ப் பழகலாம்" என்று நினைப்பவர்களுக்கு அந்த நேரம் கிடைப்பதே இல்லை, ஏனெனில் புதிய ஊரில் களைப்பு வழக்கத்தைவிட அதிகம். எளிய காரியங்களுக்குக்கூட யோசிக்கவேண்டியிருப்பதால் மாலைக்குள் தெம்பு வடிந்துவிடுகிறது.

மூன்றாவது, எவ்வளவு காலம் தங்குவது என்பதில் ஒரு முடிவு. அது உறுதியான முடிவாக இருக்கவேண்டியதில்லை. இன்ன தேதி வரை திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவதில்லை என்று தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தமாக இருந்தால் போதும். சில வீடுகளில் பல மாதங்களுக்குப் பிறகும் அட்டைப்பெட்டிகள் ஒட்டுநாடா பிரிக்கப்படாமல் சுவரோரம் அடுக்கியிருப்பதையும், மேலே இருக்கும் பெட்டியே மேசையாகப் பயன்படுவதையும் பார்க்கலாம். அந்த வீட்டுக்காரர் எந்த அழைப்பையும் ஏற்கமாட்டார், ஏனெனில் எப்படியும் போய்விடப் போகிறோம் என்ற எண்ணம் அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே பெட்டிகளைப் பிரிப்பதையும் தயாரிப்பு வேலைகளுள் ஒன்றாகவே கொள்ளவேண்டும்.

நான்காவது, சட்டைப்பையில் அடங்கும் ஒரு குறிப்பேடு. அதன் பயன் நான்காம் படியில் தெரியும்.

ஊரின் மொழி வேறாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்று சேரும்: அந்த மொழியில் முப்பது வாக்கியங்கள். இலக்கணப் பாடத்தை முடித்துவிட்டுப் பேசத் தொடங்கலாம் என்று காத்திருப்பது வீண். வணக்கம் சொல்ல, நன்றி கூற, வழி கேட்க, "கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்" என்று வேண்ட, "இதற்கு இங்கே என்ன பெயர்?" என்று வினவத் தெரிந்தால் தொடங்கிவிடலாம். கடைசி வாக்கியம் மிகவும் உபயோகமானது. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் ஆசிரியராகிவிடுகிறார்; கற்றுக்கொடுக்கும் வாய்ப்பை மனிதர்கள் எளிதில் தட்டுவதில்லை.

2. நிலத்தைக் காலால் கற்றல்

முதல் இரண்டு வாரங்களில் மனிதர்களைத் தேடவேண்டாம். வீட்டைச் சுற்றி நடந்து போகக்கூடிய தூரத்தை நடந்தே பழகிக்கொள்ளுங்கள். போகும்போது ஒரு வழி, வரும்போது வேறு வழி என்று வைத்துக்கொள்வதும், காலையில் நடந்த தெருவை ஒருமுறை இரவிலும் பார்ப்பதும் நல்லது.

கைப்பேசி வரைபடம் பையிலேயே இருக்கட்டும். வழி முற்றிலும் தவறினால் மட்டும் எடுக்கலாம். திரையைப் பார்த்து நடப்பவருக்கு அடுத்த திருப்பம் தெரியுமே தவிர, ஊர் தெரிவதில்லை. தலைகுனிந்து நடப்பவரை ஊரும் கவனிப்பதில்லை என்பது இதனால் வரும் கூடுதல் நட்டம்.

நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச், மக்கள் தம் நகரத்தை மனத்தில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று அவர்களையே வரையச் சொல்லி ஆராய்ந்து, 1960இல் ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டார்: பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திகள், அடையாளச் சின்னங்கள். இரண்டாவது வார இறுதியில் ஒரு வெள்ளைத்தாளில் இந்த ஐந்தையும் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள். பெரும்பாலானவர்களின் முதல் வரைபடத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அதன் இரு பக்கமும் வெறுமையாக விடப்பட்ட இடங்களே மூன்றாவது வாரத்தில் நடக்கவேண்டிய இடங்கள்.

இந்தப் படியைப் பலர் சிறுபிள்ளைத்தனமாகக் கருதித் தாண்டிவிடுகிறார்கள். வழி பிடிபடாத ஊரில் ஒவ்வொரு அழைப்பும் முதலில் ஒரு பயணக் கவலையாகவே வந்து நிற்கும். எப்படிப் போவது, இரவில் எப்படித் திரும்புவது என்று எண்ணி எண்ணியே மனிதர்கள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். அழைப்புகள் வரத் தொடங்குமுன் அந்தக் கவலையைத் தீர்த்துக்கொள்வதற்காகவே நடை முதலில் வருகிறது.

3. இரண்டு இடங்களைத் தேர்ந்து, ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போதல்

நடந்து பார்த்த இடங்களிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுங்கள். நூலகம், பூங்கா, உடற்பயிற்சிக் கூடம், விளையாட்டுத் திடல், வழிபாட்டுத் தலம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு: நடந்தோ ஒரே வண்டியிலோ போய்ச் சேரக்கூடியதாக இருக்கவேண்டும், ஒரே ஆட்கள் வழக்கமாக வருகிற இடமாக இருக்கவேண்டும், காரணம் கேட்காமல் அரைமணி நேரமாவது இருக்க விடுகிற இடமாக இருக்கவேண்டும்.

பெரிய கடைவளாகங்கள் இரண்டாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடும். அங்கே கூட்டம் இருக்கும், ஆனால் நேற்று வந்தவர் இன்று வரமாட்டார்.

தேர்ந்த இடத்துக்கு வாரத்தில் அதே நாள்களில் அதே நேரத்தில் போகவேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு வருபவர்கள் ஒரு கூட்டம், சனிக்கிழமை காலை வருபவர்கள் வேறு கூட்டம். நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் பழக்கமான முகமாக ஆவதில்லை. பத்து முறை போயும் பத்து முறையும் புதியவராகவே இருக்கிறார்.

வெறுமனே போய் வருவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோர்லண்டும் ஸ்காட் பீச்சும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தோற்றத்தில் ஓரளவு ஒத்த நான்கு பெண்களுள் மூவர் ஒரு பெரிய வகுப்புக்கு மாணவிகளைப் போல வந்து அமர்ந்தார்கள். ஒருவர் ஒருமுறைகூட வரவில்லை, மற்றவர்கள் முறையே 5, 10, 15 முறை வந்தார்கள். எவரும் யாருடனும் பேசவில்லை. பருவ இறுதியில் நால்வரின் படங்களையும் காட்டிக் கேட்டபோது, அதிகமுறை வந்தவரையே மாணவர்கள் கூடுதலாக விரும்பினார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி: இந்தப் படியில் பேசவேண்டிய கட்டாயமே இல்லை, வந்தால் போதும்.

இங்கே காணும் வழக்கமான தவறு, காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு போவது. இடத்தில் உடல் இருக்கிறது, ஆள் இல்லை. இன்னொரு தவறு, இரண்டு இடங்கள் என்று சொன்னதை ஆறாகப் பெருக்கிக்கொள்வது. ஆறு இடங்களில் மாதம் ஒருமுறை தலைகாட்டுவதைவிட ஓரிடத்தில் வாரம் இருமுறை இருப்பது எத்தனையோ மேல்.

4. முகத்திலிருந்து பெயருக்கு

மூன்று நான்கு வாரங்களில் சில முகங்கள் தலையசைக்கத் தொடங்கும். அப்போது அந்த இடத்தைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியம் பேசலாம்: "இன்று கூட்டம் குறைவாக இருக்கிறதே", "இந்தக் கதவு எப்போதும் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளுமா?" இருவருக்கும் பொதுவானது அந்த இடம் மட்டுமே என்பதால், பேச்சும் அங்கிருந்தே தொடங்குவது இயல்பு. எங்கே வேலை, என்ன சம்பளம், திருமணம் ஆயிற்றா என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் பின்வாங்கிவிடுவார்.

இரண்டாம் மூன்றாம் பேச்சில் பெயரைச் சொல்லி, பெயரைக் கேளுங்கள். வெளியே வந்ததும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்: "மூன்றாம் தளம். நரைத்த தாடி, பழுப்பு நிற நாய். முழங்கால் வலிக்கு வைத்தியம் செய்துகொள்கிறார். மகள் அடுத்த மாதம் தேர்வு எழுதுகிறாள்." அடுத்த மாதம் அவரைப் பார்க்கும்போது தேர்வு எப்படிப் போயிற்று என்று கேட்டுப் பாருங்கள், அன்றிலிருந்து நீங்கள் அவருக்குத் தலையசைக்கும் ஆள் அல்லர், தெரிந்தவர். இப்படி எழுதி வைப்பது செயற்கையானது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சொந்த ஊரில் இந்தச் செய்திகளெல்லாம் பல ஆண்டுப் பழக்கத்தில் தாமே மனத்தில் தங்கியிருந்தன. இங்கே அந்த ஆண்டுகள் கையில் இல்லை, ஆகவே பென்சில் தேவைப்படுகிறது.

பேசி முடித்தபின் "அசடு வழிந்துவிட்டோமோ" என்ற உறுத்தல் வருவது சகஜம். எரிகா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, முதன்முறை பேசிக்கொண்டவர்கள் தம்மை மற்றவர் எவ்வளவு விரும்பினார் என்பதைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று காட்டியது. உங்களைப் பற்றி நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதைவிட எதிரில் இருந்தவர் நல்லபடியாகவே நினைத்திருப்பார் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் போய்விடவேண்டும்.

அண்டை வீட்டாரிடமும் இதே முறைதான். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் நடந்து 1950இல் வெளியான ஓர் ஆய்வில், அடுத்தடுத்த கதவுக்காரர்களே அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். மாடிப்படிக்கும் அஞ்சல்பெட்டிகளுக்கும் அருகே இருந்த கீழ்த்தள வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்து நண்பர்களும் கூடுதலாக இருந்தார்கள். உங்கள் வீடு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தால், படிக்கட்டிலும் வாசலிலும் சற்று நின்று போகும் பழக்கத்தை நீங்களாகத்தான் உண்டாக்கிக்கொள்ளவேண்டும்.

இப்படிச் சேரும் தெரிந்தவர்களை "வெறும் பழக்கம்தானே" என்று ஒதுக்கவேண்டாம். கிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட அதிகமான வகுப்புத் தோழர்களுடன் பேசிய நாள்களில் மாணவர்கள் கூடுதல் மகிழ்ச்சியையும் கூடுதல் ஒட்டுதலையும் உணர்ந்திருக்கிறார்கள். ஊர் ஒட்டுவதில் ஒரு பெரும்பங்கு இந்த மட்டத்திலேயே நடந்துவிடுகிறது.

5. ஒரு குழுவில் சேர்தல்

சில பெயர்கள் தெரிந்தபின் ஒரு குழுவைத் தேடலாம். அதற்கு முன்பே சேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். சேரலாம், ஆனால் ஊரில் ஒருவரையும் தெரியாமல் குழுவுக்குள் நுழைபவர் தம் தனிமை முழுவதையும் அதன் மேல் இறக்கிவைக்கப் பார்ப்பார், முதல் இரண்டு கூட்டங்களிலேயே ஏமாந்து திரும்புவார்.

வாரந்தோறும் கூடுவதா, அதே ஆட்கள் வருகிறார்களா, கை வைத்துச் செய்ய ஒரு வேலை இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். சேர்ந்திசை, கைப்பந்து, தோட்டவேலை, நாடகப் பயிற்சி, வாசிப்பு வட்டம், தொண்டு வேலை ஆகியவை இதற்குப் பொருந்தும். வேலை ஒன்று நடுவில் இருக்கும்போது மௌனம் சங்கடமாக இருப்பதில்லை. பேச்சுத் தீர்ந்துபோனாலும் கை ஓடிக்கொண்டிருக்கும். "புதியவர்கள் சந்திக்கும் மாலை" போன்ற ஒருநாள் கூட்டங்கள் பெரும்பாலும் பயன்படுவதில்லை, ஏனென்றால் அங்கே வருகிற எல்லோரும் வேர் பிடிக்காதவர்கள், அடுத்த முறை வேறு ஆட்கள்.

இனி இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான கணக்கு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புதிதாக இடம் மாறியவர்களையும் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்களையும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லும் நிலைக்குச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்கவேண்டியிருக்கிறது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து வேலை செய்த மணிகளுக்கு அவ்வளவு பலன் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

வாரம் இரண்டு மணி நேரம் கூடும் குழுவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 50 மணியைத் தொட 25 வாரங்கள், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். 200 மணியைத் தொட இரண்டு ஆண்டு. ஆறாவது வாரத்தில் "இவர்கள் யாரும் என்னுடன் ஒட்டவில்லை" என்று சொல்லி விலகுபவர் வெறும் 12 மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார். குழுவை மாற்றுவதானால் முதல் மூன்று கூட்டங்களுக்குள் மாற்றிவிடுங்கள். நான்காவதற்குப் போய்விட்டால் ஆறு மாதம் தொடர்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் மணிக்கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்பதை மறக்கக்கூடாது.

6. சிறு பொறுப்பு ஒன்றை ஏற்றல்

வாசிப்பு வட்டம் போன்ற ஒரு கூட்டம் முடிகிற நேரத்தைக் கூர்ந்து கவனித்தால் இந்தப் படியின் அவசியம் விளங்கும். நன்றி சொல்லி முடித்ததும் புதியவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவை நோக்கிப் போகிறார்கள். பழையவர்கள் நான்கைந்து பேர் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாத்துகிறார்கள், ஒருவர் மின்விசிறிகளை அணைக்கிறார், ஒருவர் பூட்டைத் தேடுகிறார். அடுத்த வாரம் யார் வரமாட்டார், யாருடைய தாய்க்கு உடல்நலம் சரியில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்ற பேச்செல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கிறது. கூட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தவறாமல் வருகிறவர், உண்மையான கூட்டம் தொடங்கும்போது வெளியேறிவிடுகிறார்.

ஆகவே முதலில் நாற்காலி மடியுங்கள். யாரையும் கேட்கவேண்டாம், எடுத்து மடித்தால் போதும். சில வாரங்களுக்குப் பின், ஒவ்வொரு வாரமும் உங்கள் கையால் நடக்கவேண்டிய ஒரு காரியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கதவு திறப்பது, வருகைப் பட்டியல் எழுதுவது, பந்துகளைக் கொண்டுவருவது.

விருந்தாளி வராவிட்டால் யாருக்கும் தெரிவதில்லை. சாவி வைத்திருப்பவர் வராவிட்டால் எல்லோரும் வாசலில் நிற்கவேண்டும், "ஏன் காணோம்?" என்று தொலைபேசி வரும். நம் வரவு மட்டுமல்லாமல் நாம் வராததும் ஓரிடத்தில் கவனிக்கப்படுகிறது என்பதே ஊர் ஒட்டுவதற்கு நான் நம்புகிற ஒரே அளவுகோல். மற்றவை எல்லாம் மனநிலை. இன்று இருக்கும், நாளை இருக்காது.

பெரிய பொறுப்பை உடனே ஏற்கக்கூடாது. மூன்றாவது மாதத்தில் செயலாளராகி, நடைமுறைகளை மாற்றத் தொடங்கி, பழையவர்களின் மனத்தாங்கலைச் சம்பாதித்துக்கொண்டு விலகுபவர்கள் உண்டு. "எங்கள் ஊரில் இதை இன்னும் நன்றாகச் செய்வோம்" என்ற வாக்கியத்தை முதல் ஆண்டில் வாயில் வரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதைப் போலவே கேட்பதும் தேவை. ஏணி, துளைக்கருவி, நல்ல மின்பணியாளரின் எண் என்று எளிதில் கொடுக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தால் எதையுமே கேட்காதவர்கள், தம்மை நாடுவதற்குப் பிறருக்கும் வழி இல்லாமல் செய்துவிடுகிறார்கள். வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது இன்னொரு பேச்சு நடக்கிறது; அதுவும் கணக்கில் சேரும்.

7. குழுவுக்கு வெளியே அழைத்தல்

தெரிந்தவர் நண்பராவது, அறிமுகமான இடத்தைவிட்டு வேறோர் இடத்தில் சந்திக்கும்போதுதான். இந்த அழைப்பைப் பெரும்பாலும் புதியவரே விடுக்கவேண்டியிருக்கும். உள்ளூர்க்காரர்கள் இரக்கமற்றவர்கள் என்பது இதற்குக் காரணமல்ல. அவர்களுடைய வாரம் உறவினராலும் பழைய நண்பராலும் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது. ஓர் இடம் காலியாக இருப்பது உங்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

"ஒருநாள் பார்ப்போம்" என்பது அழைப்பே அல்ல. "வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நடக்கப் போகிறேன், எட்டரைக்குத் திரும்பிவிடுவேன், வருகிறீர்களா?" என்பதுதான் அழைப்பு. நாள், நேரம், இடம், முடியும் வேளை ஆகிய நான்கும் தெரிந்தால் ஒப்புக்கொள்வதும் எளிது, மறுப்பதும் எளிது. முடியும் வேளையைச் சொல்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எப்போது விடுபடலாம் என்று தெரியாத அழைப்புக்கு மனிதர்கள் தயங்குவார்கள்.

இரண்டுமுறை மறுத்தால் வேலை இருக்கிறது என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள். மூன்றாவது முறையும் மறுத்து, வேறு நாளும் சொல்லவில்லை என்றால் அந்த முயற்சியை நிறுத்திவிட்டுப் பழையபடி குழுவில் இயல்பாகப் பேசிக்கொண்டிருங்கள். தெரிந்தவராகவே இருப்பதும் நல்ல உறவுதான்.

8. பழைய ஊரையும் சொந்த மொழிக்காரரையும் எங்கே வைப்பது

இதில் இரண்டு எதிர்முனைகளைப் பார்க்கிறேன். சிலர் தினமும் மாலை முழுவதும் பழைய ஊருடன் தொலைபேசியில் வாழ்கிறார்கள். உடல் இங்கே இருந்தாலும் நாளின் செய்திகளெல்லாம் அங்கேயே நடக்கின்றன. வேறு சிலர் ஒட்டவேண்டும் என்ற வேகத்தில் சொந்த ஊர்க்காரரைக் கண்டாலே ஒதுங்கிப் போகிறார்கள்.

இரண்டும் வேண்டியதில்லை. குடிபெயர்ந்தோரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் பெரி, பழைய பண்பாட்டைத் தக்கவைத்தல், புதிய சமூகத்தில் கலத்தல் என்ற இரண்டின் அடிப்படையில் நான்கு போக்குகளை வகுத்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டவர்களே பொதுவாக மற்றவர்களைவிட நன்றாகப் பொருந்தியிருக்கிறார்கள், இரண்டையும் இழந்தவர்களே அதிகம் தவித்திருக்கிறார்கள் என்பது அவர் கண்டது.

நடைமுறையில் இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. பழைய ஊருடன் பேசுவதற்கு வாரத்தில் குறிப்பிட்ட வேளைகளை வைத்துக்கொண்டு, மூன்றாம் ஐந்தாம் படிகளுக்கு ஒதுக்கிய நான்கு மணி நேரத்தில் அது நுழையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சொந்த மொழிக்காரரிடம் ஊர் பற்றிய தகவல்களைத் தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஊர் பற்றிய தீர்ப்புகளைக் கடன் வாங்காதீர்கள். "இங்கத்து ஆட்கள் எல்லாம் இப்படித்தான்" என்று தொடங்கும் பேச்சில், பேசுபவரின் பழைய மனக்காயமே பெரும்பாலும் இருக்கும்.

குடும்பமாக வந்திருந்தால், அலுவலகமோ பள்ளியோ இல்லாதவருக்கே ஊர் கடைசியில் ஒட்டுகிறது. மற்றவர்களுக்கு முகங்கள் தாமே கிடைத்துவிடுகின்றன, அவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நேரம் ஒதுக்குவதில் முதல் உரிமை அவருடையதாக இருக்கட்டும்.

9. தொய்வு வரும்போது

தொய்வு வரும் என்று எதிர்பார்த்திருங்கள். நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர் லிஸ்கார்ட், அமெரிக்கா சென்று திரும்பிய 200 நார்வேக்காரர்களிடம் கேட்டு 1955இல் எழுதியதன்படி, ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே குறைவாகப் பொருந்தியிருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் எல்லாவற்றிலும் இந்த வடிவம் அப்படியே தெரியவில்லை; சிலருக்குத் தொடக்கமே கடினம். ஆனாலும் புதுமை தீர்ந்து பழக்கம் முழுமையாகாத நடுக்காலத்தில் தளர்வு வருவதை அடிக்கடி காணலாம்.

அந்தத் தளர்வுக்கு நாம் கொடுக்கும் விளக்கம்தான் பெரிதாக வேலை செய்கிறது. கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரிக்குப் புதிதாக வந்த மாணவர்களிடம், "நாம் இங்கே பொருந்துவோமா" என்ற கவலை முதலாண்டில் பலருக்கும் வருவது, நாளடைவில் தீர்ந்துவிடுவது என்பதை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சியில் உணர்த்தினார்கள். பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன. "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தைக் களைவது அவ்வளவு தூரம் எட்டுகிறது.

தொய்வு வாரங்களில் புதிதாக எதையும் தொடங்கவேண்டாம். அழைப்புகளை நிறுத்திவைக்கலாம், குழுவில் மௌனமாக இருக்கலாம். ஆனால் மூன்றாம் படியின் இரண்டு இடங்களுக்கும் ஆறாம் படியின் சிறு பொறுப்புக்கும் போவதை மட்டும் விடக்கூடாது. பேசத் தெம்பில்லாதபோதும் செய்யக்கூடியவை அவை.

உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் அதே நிலை நீடித்தால் அதை ஊரின் கணக்கில் எழுதாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக்கூடாது.

10. ஆறு மாதத்தில் ஒரு சரிபார்ப்பு

ஆறு மாதம் ஆனதும் குறிப்பேட்டைத் திறந்து நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். பெயர் சொல்லி வணக்கம் வைக்க எத்தனை பேர்? நாம் வராத வாரத்தில் கேட்டவர் உண்டா? நம்மிடம் ஏதாவது கேட்டு வாங்கியவர் உண்டா? குழுவுக்கு வெளியே ஒருவரையாவது சந்தித்தோமா?

முதல் கேள்விக்கே விடை இல்லை என்றால் நேரமோ இடமோ மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். பெயர்கள் இருந்து இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை என்றால் பொறுப்பு ஏற்கவில்லை, அல்லது உதவி கேட்கவில்லை. நான்காவது மட்டும் இல்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. மணிக்கணக்கு இன்னும் சேரவேண்டும், அவ்வளவே.

எல்லாம் முறையாகச் செய்தும் ஒரு குழு உங்கள் இனத்தையோ மதத்தையோ பேச்சு வழக்கையோ காட்டி விலக்கியே வைத்திருக்குமானால், அங்கே தொடர்ந்து நாற்காலி மடித்துக்கொண்டிருக்கவேண்டியதில்லை. அது படிகளில் நேர்ந்த பிழை அல்ல, அந்தக் குழுவின் பிழை. குழுவை மாற்றுங்கள், நடந்து கற்ற தெருக்களும், இரண்டு இடங்களும், குறிப்பேட்டில் உள்ள மற்றப் பெயர்களும் அப்படியே இருப்பதால், இரண்டாம் தடவை ஐந்தாம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.